கண் மூடிய கோழிக்குக் குழாய் வழியே கஞ்சி

போன ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான்காம் நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது எல்லாக் கோழியும் முண்டியடித்து வெளியே வந்தன. சாம்பல் பெட்டை மட்டும் மூலையில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் இரண்டு கண்ணும் மூடியிருக்கிறது. இமையிலும் கொண்டையிலும் மிளகு மிளகாகப் பொருக்கு. கோழி அம்மை.

கையில் எடுத்தேன். பஞ்சு மாதிரி கனமே இல்லை. நெஞ்செலும்பு கத்தி முனை போலத் தட்டுப்பட்டது. எச்சத்தைப் பார்த்தால் பச்சையாக, தண்ணீராக இருந்தது. தராசில் வைத்தேன், 980 கிராம். புரட்டாசியில் எடை போட்டபோது 1 கிலோ 350 இருந்த கோழி. வாரம் பத்து நாளாகவே சரியாகத் தின்றிருக்காது. மழை என்று நான் தீவனத்தைக் கூட்டுக்குள் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன், குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. மற்றவை தின்றுகொண்டிருக்க, இது கண் தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருக்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது தேறாது சார், குழி தோண்டிப் பொதைச்சிருங்க. நாலு நாள் சீரழிஞ்சுதான் சாகும்" என்றார். தப்பாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அம்மை கண்டு கண் மூடிய கோழி பெரும்பாலும் அப்படித்தான் போகும். ஆனால் அது சிறுவிடைப் பெட்டை. என் மனைவி அதை அடை வைத்து மூன்று ஈடு குஞ்சு இறக்கியிருக்கிறாள். எங்கள் வளவில் இன்று மேய்கிற கோழிகளில் பாதி அதன் வழி வந்தவை. துணியில் சுற்றி, கூடையில் வைத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போனேன்.

அங்கே டாக்டரம்மா சொன்ன முதல் வார்த்தையே எனக்குப் புதிதாக இருந்தது. "ஐயா, இந்த அம்மை இதக் கொல்லாது. பட்டினிதான் கொல்லும்."

கோழி அம்மை வைரஸ் நோய். மழைக்காலத்தில் கொசு வழியாகப் பரவும், கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்ளும் காயம் வழியாகவும் பரவும். இதைக் குணப்படுத்துகிற மருந்து எதுவும் கிடையாது. ஆனால் உலர் வகை அம்மையாக இருந்தால், அதாவது பொருக்கு கொண்டை, தாடி, இமை என்று வெளித்தோலில் மட்டும் இருந்தால், இரண்டு முதல் நான்கு வாரத்தில் பொருக்கு காய்ந்து தானே உதிர்ந்துவிடும். அந்த இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டுவதுதான் பாடு. கண் தெரியாத கோழி தீவனத்தையும் தண்ணீரையும் தேடிப் போகாது. பக்கத்தில் வைத்தாலும் கொத்தாது. எச்சம் பச்சையாக இருந்தது எதனால் என்றும் அவர்தான் விளக்கினார். குடலில் தீனி இல்லாமல் பித்தநீர் மட்டும் இறங்கினால் பச்சையாகத்தான் வரும். (வெள்ளைக்கழிச்சலிலும் பச்சையாகக் கழியும். அதனால் பச்சையைப் பார்த்ததும் பட்டினி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.)

"வாயில கஞ்சி ஊத்திப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. கோழியின் அலகைத் திறந்து, டார்ச்சை அடித்து, "உள்ள பாருங்க" என்றார். நாக்கின் அடியில், அதை ஒட்டினாற்போல ஒரு சின்னப் பிளவு. மூச்சுக்கு மூச்சு திறந்து மூடுகிறது. அதுதான் மூச்சுக்குழலின் வாய். நமக்கு விழுங்கும்போது மூச்சுக்குழலை மூடிக்கொள்ள ஒரு மடல் இருக்கிறது. கோழிக்கு அது கிடையாது. தெம்பாக இருக்கிற கோழி தானாகக் குடித்தால் ஒன்றும் ஆகாது. தெம்பில்லாத கோழியின் வாயில் நாம் ஊற்றினால், ஊற்றியது அந்தப் பிளவு வழியாக நேரே நுரையீரலுக்குப் போகலாம்.

எனக்குச் சுருக்கென்றது. அதற்கு முந்தின வருடம், இதே மழைக்காலம், ஒரு செவலைப் பெட்டை தீனி எடுக்காமல் சோர்ந்து கிடந்தது. வீட்டில் பழைய பாலாடை ஒன்று உண்டு, என் பிள்ளைகளுக்குப் பால் புகட்டியது. அதில் நொய்க்கஞ்சி எடுத்து, கோழியை மடியில் மல்லாத்திப் பிடித்து, அலகைப் பிளந்து ஊற்றினேன். இரண்டாவது பாலாடை ஊற்றும்போது தொண்டையில் கொரகொரவென்று சத்தம். கொண்டை நீலமாகியது. இரண்டு தடவை வாயைப் பிளந்தது, அவ்வளவுதான். "நோய் முத்திப்போச்சு" என்று மனைவியிடம் சொன்னேன். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். டார்ச் வெளிச்சத்தில் அந்தப் பிளவைப் பார்த்த பிறகுதான் செவலையைக் கொன்றது நோயல்ல, நான்தான் என்று புரிந்தது.

டாக்டரம்மா ஒரு ரப்பர் குழாயை எடுத்துக் காட்டினார். மருந்துக் கடையில் ரப்பர் கதீட்டர் என்று கேட்டால் கொடுப்பார்கள், எண் 14. அந்த எண்ணை மூன்றால் வகுத்தால் குழாயின் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் வரும். ஆக ஏறத்தாழ நாலே முக்கால் மில்லிமீட்டர், பென்சிலை விட மெலிசு. ரொம்பச் சன்னமான குழாய் வேண்டாம் என்றார். சன்னமானது வழி தவறி மூச்சுக்குழலுக்குள் சுலபமாக இறங்கிவிடும். கூடவே மூக்கு நீண்ட 50 மில்லி சிரிஞ்ச் ஒன்று, ஊசி இல்லாமல். எனக்கு இரண்டும் சேர்ந்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் தடவை அவரே செய்து காட்டினார், இரண்டாவதை என்னைச் செய்ய வைத்தார். இதைப் படிக்கிறவர்களும் முதல் தடவை ஒரு கால்நடை மருத்துவரோ பழகினவரோ பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். எழுத்தில் படித்துவிட்டு இறங்குகிற வேலை இல்லை இது.

நாங்கள் வீட்டில் செய்த விதம் இது.

மனைவி திண்ணையில் உட்கார்ந்து, கோழியைப் பழைய துண்டில் சுற்றி, இறக்கை விரியாமல், நிமிர்ந்த வாக்கில் மடியில் பிடித்துக்கொள்வாள். மல்லாத்தக் கூடாது. குழாயைக் கோழியின் பக்கவாட்டில் வைத்து, அலகு நுனியிலிருந்து தீனிப்பை வரை அளந்து, அந்த இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வைத்துவிட்டோம். தீனிப்பை என்பது கழுத்தின் அடியில், நெஞ்சுக்கு மேலே, கோழியின் வலது பக்கமாக இருக்கும். தீனி தின்ற கோழிக்குப் புடைத்துக்கொண்டு தெரியுமே, அதுதான். சிரிஞ்சில் கஞ்சியை இழுத்து, குழாயில் மாட்டி, குழாய் முனை வரை கஞ்சி வரும்படி அழுத்தி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றிவிட வேண்டும். முனையைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நான் இடது கையால் அலகைத் திறந்து, கழுத்தை மெதுவாக மேல் நோக்கி நீட்டிப் பிடிப்பேன். குழாயைக் கோழியின் இடது வாயோரத்தில் நுழைத்து, நாக்கின் மேலாக, தொண்டையின் வலது பக்கம் நோக்கிச் செலுத்த வேண்டும். கோழி நம்மைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் அதன் இடது நமக்கு வலது. நான் முதல் இரண்டு நாள் இதிலேயே குழம்பினேன். நடுவில் இருக்கிற அந்தப் பிளவைத் தாண்டிப் போனால் குழாய் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கும். இடித்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து, கோழிக்கு மூச்சு வாங்க ஒரு நிமிடம் கொடுத்து, மறுபடி முயலுங்கள்.

பிளாஸ்திரி அடையாளம் வரை இறங்கியதும் உடனே கஞ்சியை அழுத்திவிடக் கூடாது. கழுத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வளையம் வளையமாக ஒன்று தட்டுப்படும், அது மூச்சுக்குழல். அதற்குப் பக்கத்தில் தனியாக இன்னொரு குழாய் நழுவினால் அது நம்முடைய ரப்பர் குழாய், சரியான இடத்தில் இருக்கிறது. ஒன்றுதான் தட்டுப்படுகிறது, அல்லது கோழி இருமுகிறது, திணறுகிறது என்றால் எடுத்துவிடுங்கள். நான் ஒவ்வொரு தடவையும் மனைவியையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். கிளையில் பெட்டக அறைக்கு இரண்டு பேர் சாவி வைத்திருப்போம், ஒருவர் சாவியால் மட்டும் திறக்காது. அந்தப் பழக்கம்.

கஞ்சியை மெதுவாக அழுத்த வேண்டும். தொண்டையில் கஞ்சி மேலேறித் தெரிந்தால் அந்த நொடியே நிறுத்தி, குழாயை உருவிவிட்டுக் கோழியைத் துண்டோடு கீழே விட்டுவிட வேண்டும். தலையை உதறித் தானே துப்பிவிடும். உருவும்போது குழாயை விரலால் மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குழாயில் மிச்சமிருக்கிற கஞ்சி வழியில் சொட்டும். சொட்டுகிற இடம் அந்தப் பிளவுக்கு மேலே.

அளவு பற்றிச் சொல்ல வேண்டும், அங்கேதான் எல்லோரும் ஆசைப்படுவோம். பட்டினி கிடந்த கோழிக்கு முதல் நாளே வயிறு நிறையக் கொடுக்கத் தோன்றும். கூடாது. உடம்பு சில்லிட்டிருந்தால் முதலில் சூடு. அட்டைப் பெட்டியின் ஒரு மூலையில் 40 வாட் குண்டு பல்பு போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கால் கதகதப்பான பிறகுதான் குழாயையே எடுத்தோம். முதல் நாள் முழுக்க வெறும் நீர், மருந்துக் கடை உப்பு-சர்க்கரைப் பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்தது. பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. வேளைக்கு 15 மில்லி, நாலு வேளை. இரண்டாம் நாள் நீர்த்த கஞ்சி 20 மில்லி. நாலாம் நாளிலிருந்து 35 மில்லி. ஒரு கிலோ கோழிக்கு ஒரு வேளைக்கு 50 மில்லியைத் தாண்டவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நாங்கள் 40-ஐத் தாண்டவில்லை.

ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்போம். முந்தின வேளைக் கஞ்சி இறங்கித் தட்டையாக இருந்தால் அடுத்தது. தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி தளும்பினால், வாயில் புளித்த வாடை வந்தால், கஞ்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். தங்கிப் புளித்ததன் மேல் இன்னும் ஊற்றினால் எதுக்களித்து மூச்சில் ஏறும்.

கஞ்சியில் நான் பட்ட பாடு தனி. இயற்கை விவசாயி வீட்டில் கேழ்வரகை விட்டால் வேறென்ன என்று கூழ் காய்ச்சினேன். நன்றாகத்தான் இருந்தது. ஆறினதும் பசையாகிக் குழாயை அடைத்துக்கொண்டது. நான் பலம் கொண்ட மட்டும் சிரிஞ்சை அழுத்த, குழாய் பிடுங்கிக்கொண்டு கூழ் முழுக்க என் பனியனில். மனைவி சிரித்த சிரிப்பில் கோழியே கொஞ்சம் மிரண்டது. பிறகு குஞ்சுத் தீவனத்துக்கு மாறினோம். நாங்களே அரைப்பதுதான்: கம்பு, மக்காச்சோளம், கடலைப் பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள். ஒரு பங்கு மாவுக்கு நாலு பங்கு சுடுநீர், இருபது நிமிடம் ஊறி, மிக்சியில் அடித்து, டீ வடிகட்டியில் வடித்தது. அதில் அவித்த முட்டையின் மஞ்சள் கரு பாதி, ஒரு கை முருங்கைக் கீரை பிழிந்த சாறு ஒரு கரண்டி. பால் வேண்டாம், பாலில் இருக்கிற சர்க்கரை கோழிக்குச் செரிக்காது. சூடு முக்கியம். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டால் இதமான வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். சுடக் கூடாது. சூட்டுக் கஞ்சி தீனிப்பையை வேக வைத்துவிடும். ஆறின கஞ்சியோ இறங்காமல் தங்கும்.

கண்ணை நாங்கள் நோண்டவில்லை. கொதித்து ஆறிய உப்புநீரில் பஞ்சை நனைத்துக் காலை மாலை ஒற்றி எடுத்ததோடு சரி. பொருக்கைப் பிய்த்தால் ரத்தம் வரும், புண்ணாகும், உதிர்ந்த பொருக்கிலிருந்து நோயும் பரவும். கொண்டையில் மட்டும் வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் பூசினோம். பெட்டி மேல் கொசுவலை.

நோட்டில் தினமும் காலை எடை எழுதினேன். முதல் நாள் 980. மூன்றாம் நாள் 970. அன்றைக்கு இரவு நான் மனைவியிடம் செவலையைப் பற்றிச் சொன்னேன், பாலாடையில் ஊற்றியது, அது எப்படிச் செத்தது எல்லாம். கேட்டுவிட்டு, "எனக்கு அப்பவே தெரியுங்க. நீங்க மொகத்த வச்சிருந்த வெதத்துல கேக்கல" என்றாள். ஆறாம் நாள் 995. எச்சம் பச்சை மாறி, கெட்டியாக, வெள்ளை முனையோடு விழுந்தது. எச்சத்தைப் பார்த்து இரண்டு பேர் சந்தோஷப்பட்டோம். பத்தாம் நாள் 1,060. பதின்மூன்றாம் நாள் வலது கண்ணின் பொருக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. காலை வேளைக் கஞ்சியைக் கொடுக்காமல், ஊற வைத்த கம்பை ஒரு தட்டில் வைத்துத் தட்டினேன். தலையைச் சாய்த்தது. குறி தவறி இரண்டு கொத்து, மூன்றாவது கொத்தில் ஒரு மணி வாய்க்குள் போனது. பசி இருந்தால்தான் கொத்தும், அதனால் அன்றைக்கு இரவு மட்டும் ஒரு வேளைக் குழாய். மறுநாளிலிருந்து அதுவும் இல்லை.

ஆனால் எல்லாம் இப்படி முடியவில்லை. பெட்டையைக் கொண்டு வந்த ஐந்தாம் நாள் ஒரு சேவல் குஞ்சுக்கும் தீனி இறங்கவில்லை. தோலில் ஒரே ஒரு பொருக்குதான். வாயைத் திறந்தால் தொண்டை முழுக்க மஞ்சளாகப் பாலாடைக்கட்டி மாதிரி படர்ந்திருந்தது. இது ஈர வகை அம்மை. நாலு நாளாகக் கை பழகிவிட்ட தைரியத்தில் குழாயை விட்டேன். இடித்தது. லேசாக அழுத்தியதும் ரத்தம் வந்தது. நிறுத்திவிட்டு டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மூச்சுக்குழல் வாயையே அது அடைத்துக்கொண்டிருக்கும், இனிமேல் குழாய் விட்டுச் சித்திரவதை செய்ய வேண்டாம் என்றார். மூன்றாம் நாள் இறந்தது. சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தோம்.

அதே போல, கழுத்து முறுக்கிக்கொண்டு கழிகிற கோழிக்கும், ஒரே நாளில் நாலைந்து பொத்துப் பொத்தென்று விழுகிற பண்ணையிலும் இந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கண் மூடிய அம்மை, நாய் கவ்விய காயம், அலகில் அடி, கடும் அடையில் எழுந்திருக்காமல் மெலிந்தது இப்படி, தின்ன முடியாமல் போனதற்குக் காரணம் தெரிந்த கோழிக்குத்தான் இது. அதிலும், விழுங்குகிற தெம்பு இருக்கிற கோழிக்குக் குழாய் தேவையில்லை. எங்கள் ஊர் அப்பத்தா ஒருவர் கம்பு மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டி, தண்ணீரில் தோய்த்து, அலகோரத்தில் வைப்பார். கோழி தானே விழுங்கும். நாங்களும் முதலில் அதைத்தான் செய்து பார்த்தோம். சாம்பல் பெட்டை இரண்டு உருண்டையோடு தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

கணக்கும் சொல்லிவிடுகிறேன், கேட்பீர்கள். பன்னிரண்டு நாள் நாலு வேளை, கடைசி நாள் ஒன்று, ஆக 49 வேளை. வேளைக்கு இருபது நிமிடம் என்றால் பதினாறு மணி நேரத்துக்கு மேல், அதுவும் இரண்டு பேருக்கு. ஐந்நூறு ரூபாய்க் கோழிக்கு இதை என் பழைய மேலதிகாரி யாராவது பார்த்தால் வாராக்கடன் என்று எழுதித் தள்ளச் சொல்லியிருப்பார். இருநூறு கோழி வைத்திருப்பவர் இருபது கோழிக்கு இப்படிச் செய்ய முடியாது. அவருக்கு வழி ஒன்றுதான், வருமுன் காப்பது.

அதில் நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு முகாமில் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். அம்மைக்குப் போடவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் இருக்கும்போது ஊசி எதற்கு என்ற வீம்பு. வேப்பிலையும் மஞ்சளும் வந்த புண்ணை ஆற்ற உதவும். வராமல் தடுக்காது. குஞ்சுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் இறக்கைச் சவ்வில் குத்துகிற ஊசி அது. குத்தின இடத்தில் ஏழு முதல் பத்து நாளில் சின்னப் பொருக்கு வந்தால் ஊசி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வருடக் குஞ்சுகள் எல்லாவற்றுக்கும் ஆவணியிலேயே போட்டுவிட்டேன். இயற்கை வேளாண்மைக்கு இது விரோதமா என்று நம் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். செடிக்கு விஷம் அடிப்பதும் குஞ்சுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டாக்குவதும் ஒன்றில்லை என்பது என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மழைநீர் தேங்கின பழைய டயர்களையும் உடைந்த தொட்டியையும் வளவை விட்டு அகற்றினதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

சாம்பல் பெட்டைக்கு இடது கண் பார்வை திரும்பவில்லை. விழியில் வெள்ளை விழுந்துவிட்டது. தீவனத் தட்டுக்கு வரும்போது தலையைச் சாய்த்து வலது கண்ணால் பார்த்துக் கொத்தும். கார்த்திகைக் கடைசியில் 1 கிலோ 300. தை மாதம் முட்டை வைக்க ஆரம்பித்தது, மாசியில் அடை உட்கார்ந்தது. பதினொரு முட்டை வைத்தோம், ஒன்பது பொரித்தது. இடது பக்கம் போகிற குஞ்சை அதற்குத் தெரிவதில்லை, சத்தம் கேட்டுத்தான் திரும்புகிறது. காக்கைக்குப் பயந்து அந்தப் பக்கத்துக்கு நாங்கள் ஒரு பழைய மீன்வலையைக் கட்டி வைத்திருக்கிறோம்.

குழாயைச் சோப்புத் தண்ணீரில் அலசி, கொதிநீர் ஊற்றி, அடுக்களைச் சன்னலில் தொங்கவிட்டிருக்கிறேன். பாலாடையை மனைவி எடுத்துப் பரண் மேல் வைத்துவிட்டாள்.